பதினொன்றரைக்குத் தண்ணி

சங்கத்தில் கடன் போட்டு நான் வாங்கியது
ட்ராக்டர் இல்லை.
தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு லான்சர்.
டேர்போ. நாலு கதவு. பின்னால் ஒரு செட்டை.
முரசுமோட்டையில் இதுக்கென்ன வேலை என்று
கேட்காத ஆளில்லை.
விடிய நாலு மணிக்கு
மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில்
இதற்கு வேலை இருக்கிறது.

போன மாரியிலிருந்து
மதகுக்கு மதகு ஒரு டக்.
பிரேக் பிடித்தால் ஒரு டக்.
முதலில் ரேடியோவைக் கூட்டிவிட்டேன்.
பிறகு பக்கத்தில் இருப்பவரோடு
உரக்கக் கதைக்கப் பழகினேன்.
பங்குனியில்
டயரின் உட்பக்கம் நூல் தெரிந்தது.

கஜந்தினி ஜக் வைத்துத் தூக்கினாள்.
லோவர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில்
கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு:
இரும்பு, விழப்போகிற பல் மாதிரி ஆடியது.
"இதில புஸ் இல்லை அண்ணை.
புஸ் இருந்த இடம்தான் இருக்கு."

வலப்பக்கம் யப்பானில் பூட்டி வந்தது,
காய்ந்த பாலைப்பழத் தோலாய்ச் சுருங்கி.
இடப்பக்கம்
கப்பலில் சாமான் வராத வருஷம்
பரந்தன் லேத் பட்டறையில் யாரோ
ட்ராக்டர் டயரைக் கடைந்து அடித்தது.
அதுதான் கொஞ்சம் நல்லாயிருந்தது.
எறிய மனம் வரவில்லை என்று எழுதினால் பொய்.
எறிந்தோம்.
நாய் தூக்கிக்கொண்டு போனது.

பஞ்சிகாவத்தைக் கடைப்பொடியன்
சிவப்பிலும் இருக்கென்று படம் அனுப்பினான்:
பொலி. ரேஸ்காரர் போடுவது. தேயாது.
கறுப்பு ரப்பரே போதும் என்றாள்.
"அசையாததைப் போட்டா
அடி நேர உங்கட நாரிக்கு."
இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது,
என் பெயர் பிழையாக.

பிரஸ் இல்லை.
ஐம்பது மூட்டை நெல் ஏற்றிய பெட்டிக்குக் கீழே
போத்தல் ஜக்கை நிறுத்தி,
பழைய பெயரிங் கோது ஒன்றை இடையில் வைத்து
அடித்தாள், அடித்தாள், அடித்தாள்.
பழைய புஸ் வெளியே பாய்ந்த சத்தம்
வெடி மாதிரி.
அடுத்த வளவில் யாரோ கதையை நிறுத்தி,
கொஞ்சம் பொறுத்து,
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

புதியது சவர்க்கார நுரையில் வழுக்கி உள்ளே போனது.
ஆணிகளைக் கையால் திருகிவிட்டு
நான் ஸ்பானரை எடுத்தேன்.
"விடுங்கோ! கார் தொங்குது."
தொங்கும்போது இறுக்கினால்
இறங்கி நிற்கிற நாளெல்லாம்
ரப்பர் முறுகியே நிற்குமாம்.
மூன்று மாதத்தில் கிழியும்.
நாலு சில்லும் நிலத்தில் இருக்க,
தன் பாரம் தன் கால்களில் இருக்க,
அப்போதுதான்.

அவளுடைய கராஜில் குழி கிடையாது.
ஊரில் வாய்க்கால் இருந்தது.
கொங்கிரீட், மூன்றடி அகலம்,
சிறுபோகத் தண்ணிக்குக் காய்ந்து கிடந்தது.
நேசராசாவுக்கு எடுத்தேன்.
துருசு திறந்தாச்சு,
உங்களிட்டைப் பதினொன்றரைக்கு வரும் என்றார்.
மணி பத்து ஐம்பது.

தள்ளினோம். அவள், நான்,
தண்ணிக்குக் காத்திருந்த இரண்டு பொடியள்,
ஒருத்தன் கையில் தூண்டிலோடு.
இரண்டு கரையிலும் சில்லை வைத்து
லான்சர் நின்றது,
குளிப்பமோ என்று யோசிக்கும் எருமையாய்.

அவள் ஊர்ந்து போனாள்.
நான் வாய்க்காலில் குந்தியிருந்து வெளிச்சம் பிடித்தேன்.
இரவல் டோர்க் ஸ்பானர்,
அளவு வந்ததும் சொல்லும் ஒரே சொல்:
டக்.
இடம் முன். டக்.
இடம் பின். டக்.
வலம் முன்னுக்குப் போகையில்
பொடியன் கத்தினான், "அண்ணை, வருது!"

தண்ணி வரும்போது முதலில் தண்ணி வருவதில்லை.
சருகு வருகிறது, சொப்பிங் பை,
செத்த ஓணான், மண்ணிற நுரை.
அதன் பின்னால், சாண் உயரத்தில்,
இரணைமடு.
அவள் முதுகு நனைந்தது.
"வெளிச்சத்தை ஆட்டாதைங்கோ."
டக்.
நாலாவது ஆணிக்கு
என் இடுப்புவரை குளிர்.
ஸ்பானர் வழுக்கியது, அவள் ஏதோ ஏசினாள்,
பிறகு
டக்.

பின்னேரம் பரந்தன்வரை ஓடிப் பார்த்தோம்.
மதகு. மதகு. பள்ளம். மதகு.
ஒன்றுமில்லை.
பின் கண்ணாடியில் ஒரு கிணுகிணு,
டாஷ்போர்ட்டுக்குள் எங்கேயோ ஒரு பூச்சி.
இத்தனை நாள் இவையும் இருந்திருக்கின்றன.
சொல்லிக்கொண்டே போனேன்,
காசைப் பற்றி, டயரைப் பற்றி.
"மெல்லமாச் சொல்லுங்கோ அண்ணை,"
என்றாள் கஜந்தினி,
"கேக்குது."